வித்துராவில் விழுந்த ஆரியசாலைக் கணுக்கால்

எலும்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருவர் சென்ற வாரம் எனக்குப் போன் செய்தார். திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள பெரியவர்களுக்குக் கணுக்கால் ஒடிவது ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று ஆராயப்போகிறாராம். "மேடம், உங்க அனுபவத்திலேர்ந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். ஓய்வுபெற்ற டாக்டரிடம் போய் யாராவது ரெண்டு வார்த்தை கேட்பார்களா? பாவம், காது சுடச்சுடப் போனை வைத்தார். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஒடிந்த எலும்பில் உலோகத் தட்டு எங்கே வைப்பது, திருகாணி எத்தனை போடுவது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன்.

எங்கள் காலத்தில் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். விபத்துப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும்போதே, ஆள் கழக்கூட்டமா, ஆரியசாலையா, வித்துராவா என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவர் எல்லோருக்கும் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கித் தரவேண்டும். நான் பெரும்பாலும் ஜெயித்தேன் என்பதை என் இடுப்பளவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கழக்கூட்டத்துக் கணுக்கால் சாயங்காலம் வரும். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன், ஆறு மணிக்குப் புல்தரையில் கால்பந்து ஆட இறங்கி, தன்னை இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளையாகவே நினைத்துக்கொண்டு சட்டென்று திரும்பியிருப்பான். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் பைக் சறுக்கியிருக்கும். கூடவே அவனுடைய மொத்த டீமும் வரும். வருகிற வழியிலேயே போனில் எல்லாவற்றையும் படித்துவிட்டு, எந்த வகை முறிவு என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். ஆரியசாலைக் கணுக்கால் வேறு ஜாதி. அந்தக் கடைத்தெருச் சந்துகளில் லாரியிலிருந்து கடைக்குள் சாய்த்துப் போட்ட பலகை வழியாகச் சுமட்டுக்காரர்கள் மூட்டையோடு இறங்குவார்கள். தலையில் மூட்டை இருந்தால் கால் வைக்கும் இடம் எங்கே தெரியப்போகிறது? விழுந்தபிறகும் மிச்ச லோடை இறக்கி முடிக்கும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்து, நடுவில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஓர் ஆசானிடம் எண்ணெய்க்கட்டும் போட்டுக்கொண்டு, வாசனையோடு வந்து சேருவார்கள். மலைப்பக்கத்து வித்துராக் கணுக்காலுக்கு மழைதான் காலண்டர். ரப்பர் மரச் சரிவு, பாசி பிடித்த வெட்டுக்கல் படி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன நடுவயதுப் பெண்கள். அவர்கள் மறுநாள் காலை பஸ்ஸில், மட்டையை வைத்துக் கட்டிய காலோடு, வலி என்றே சொல்லாமல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி மூன்று ஊர்க் கணுக்காலையும் மூடிய கண்ணால் சொல்லிவிடுவேன் என்று மிதப்பில் இருந்த காலத்தில்தான் சங்கரி வந்தாள். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருஷத்து ஆனி மாதம், நல்ல மழை.

ஸ்ட்ரெச்சரில் தரை வரை புரளும் சிவப்புக் கவுன் போட்ட ஒரு பெண். தலையில் பூக்கிரீடம். கவுன் முழுக்கச் சேறு. வலது பாதம் போகக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. பக்கத்தில் நனைந்த கோட்டு சூட்டில், முகம் வெளுத்துப்போன ஒரு பையன். அவர்களுக்குப் பின்னால், கழுத்தில் காமிராவோடு குற்றவாளி மாதிரி இன்னொருவன்.

எங்கள் பந்தயக்காரர்கள் மூன்று ஊரில் எதற்கும் பந்தயம் கட்டவில்லை. நான்தான் கேட்டேன்: "எந்த ஊரும்மா?"

"வீடு ஆரியசாலை டாக்டர். வேலை கழக்கூட்டம்."

"விழுந்தது?"

"வித்துரா. ஆத்துல." வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேவ் த டேட் போட்டோ எடுக்கப் போனோம். ஒரு ஸ்டெப் பின்னால போங்க, ஒரு ஸ்டெப் பின்னால போங்கன்னு சொன்னாரு. போயிட்டேன்."

புரிந்துவிட்டது. இந்தக் காலத்துக் கல்யாணத்துக்குத் தாலிக்கு முன்னால் போட்டோ. பாறைமேல் நிற்கவேண்டும், பின்னால் அருவி விழவேண்டும், கவுன் காற்றில் பறக்கவேண்டும். வித்துராக்காரி யாரும் மழைக்காலத்தில் அந்தப் பாறையில் செருப்போடு கால் வைக்கமாட்டாள். கழக்கூட்டத்துப் பெண் குதிகால் உயர்ந்த செருப்போடு ஏறியிருக்கிறாள். எங்கள் ஜூனியர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே, "மேடம், இவங்களை எந்த ஊர்ல சேர்க்கிறது?" என்றார். யாருக்கும் பழம்பொரி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மயக்க மருந்து கொடுத்து, விலகிய மூட்டை இழுத்து இடத்தில் பொருத்தி, பாதி மாவுக்கட்டு போட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தோம். எலும்பு மூன்று இடத்தில் ஒடிந்திருந்தது. ஆபரேஷன் இல்லாமல் சரியாகாது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் எப்போது என்பதில்தான். கால் பலாப்பழம் மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சங்கரியின் அப்பா உள்ளே வந்தார். பகவதியப்பன் என்று பெயர். ஆரியசாலையில் மூன்று தலைமுறையாக வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம். ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். மகளின் காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தே பேசினார்.

"டாக்டரம்மா, கல்யாணத்துக்கு மூணு வாரம்கூட இல்ல, கேட்டீங்களா. அது தாண்டினா ஆடி பொறந்துரும். ஆபரேஷன இன்னைக்கே பண்ணிருங்க. இன்னைக்குப் பண்ணினா அன்னைக்குப் பிள்ள நடந்துரும் அல்லே?"

"நடக்காது அண்ணாச்சி. இன்னைக்குப் பண்ணினாலும் நடக்காது, பத்து நாள் கழிச்சுப் பண்ணினாலும் நடக்காது. எலும்பு ஒட்ட அது எடுக்கிற நேரத்தை எடுக்கும். ஆனா இன்னைக்குக் கத்தி வச்சா, இந்த வீக்கத்துல தோல் திரும்ப ஒட்டாது. புண்ணாகும், சீழ் பிடிக்கும். அப்புறம் கல்யாணத்தைப் பத்தி இல்ல, காலைப் பத்திக் கவலைப்படணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ள வீட்டுல சுளுக்குன்னு சொல்லியிருக்கேன். கூட வந்த மாப்பிள்ளப் பையன்கிட்டயும் வாயத் திறக்கப்பிடாதுன்னு சொல்லியாச்சு. கரண்டைக்கால் எலும்பு ஒடிஞ்சிட்டுன்னு காதுல விழுந்தா என்ன நெனைப்பாங்க? தாலி ஏறதுக்கு முன்ன கால் ஒடிஞ்ச பொண்ணுன்னு ஒரு பேச்சு வந்தா போச்சு. எங்க அக்கா இப்பவே தோஷம்னு ஆரம்பிச்சாச்சு. வேற ஆஸ்பத்திரியில இன்னைக்கே பண்ணித் தாரேன்னு ஒரு டாக்டர் சொல்லியாச்சு. நான் கொண்டு போயிருவேன், பாத்துக்கிடுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் மகளுடைய கல்யாணம் நின்றுவிடும் என்று அவர் மெய்யாகவே பயந்தார். பயந்தவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

என் பெரிய டாக்டரை நினைத்துக்கொண்டேன். பெயர் சொல்லமாட்டேன், தன் அறைக் கதவில்கூடப் பெயர்ப்பலகை வைக்க விடாதவர். பயிற்சிக் காலத்தில் ஒரு தடவை, வீங்கிய காலை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதரின் சிபாரிசுக்காக நான் அவசரப்பட்டபோது, கத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "எல்லு க்ஷமிக்கும் மோளே, தொலி க்ஷமிக்கில்லா." எலும்பு மன்னிக்கும், தோல் மன்னிக்காது. பிறகு என்னை டீ குடிக்க அழைத்துப்போனார். அதற்குப்பின் அவசரம் என்று யார் வந்தாலும் எனக்கு முதலில் டீ ஞாபகம்தான் வரும்.

அண்ணாச்சிக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு நேராகச் சங்கரியிடம் போனேன். இதை மறக்காதீர்கள். கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் சத்தம் போட்டாலும் கால் யாருடையதோ அவரிடம் பேசுங்கள். அவள் இருபத்தெட்டு வயதுப் பெண், சின்னக் குழந்தை அல்ல.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "உங்க பொண்ணா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"எனக்குப் பொண்ணு கிடையாது. என் காலா இருந்தாலும் காத்திருப்பேன். இத்தனைக்கும் நான் பொறுமைசாலின்னு என் வீட்டுக்காரரே சொல்லமாட்டார்."

"அப்ப காத்திருக்கலாம். கல்யாணத்துல உக்காந்தே இருக்கேன், சாரமில்ல, அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா..." அவள் கண் கலங்கியது. "அப்பா முகம் தொங்கிடும் டாக்டர். ஊர் முன்னாடி அவர் தலைகுனிஞ்சு நிக்கிறத நான் பாக்கமாட்டேன். அதுக்குக் கால் போனாலும் பரவாயில்லன்னு தோணுது."

அவளுக்கு எது பெரிது என்று அப்போது தெரிந்தது. காலை நான் பார்த்துக்கொள்வேன், அப்பாவின் தலையை யார் நிமிர்த்துவது?

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போகும்போது, சங்கரியின் கட்டிலருகே முழங்கை வரை சட்டையும் முண்டுமாக, ஒரு கையில் ஏத்தன் வாழைக்குலையும் மறுகையில் நனைந்த குடையுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். மாப்பிள்ளை ஸ்ரீஜித்தின் அம்மா, ஓமனா. வித்துராவில் கொஞ்சம் ரப்பரும் நிறைய ஆடுகளும் வைத்திருப்பவர். கூட, முந்தின நாள் கோட்டு சூட்டில் வந்த ஸ்ரீஜித், மழையில் நனைந்த பூனை மாதிரி. அவன் வாயை அண்ணாச்சி கட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் ஒரு ராத்திரிக்குமேல் அம்மாவிடம் மறைக்க அவனால் முடியவில்லை. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து, தோள் துண்டை எடுத்து, மறுபடி போட்டு, "சின்ன சுளுக்குதான், ரெண்டு நாள்ல..." என்று ஆரம்பித்தார்.

ஓமனா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். குலையைத் தரையில் வைத்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? முண்டைக் கொஞ்சம் தூக்கித் தன் இடது கணுக்காலைக் கட்டில்மேல் வைத்துக் காட்டினார். வெளிப்பக்கம் நீளமாக ஒரு பழைய தழும்பு.

"சேட்டா, இது கண்டோ? என்டெ கல்யாணம் கழிஞ்ஞ மறு மழையில ஒடிஞ்சது. என்டெ நாத்தூனுக்கு ரெண்டு காலும் ஒடிஞ்சது, ரெண்டு வர்ஷம் விட்டு. மழ வந்தா ஞங்கட வித்துராவில கால் ஒடியாத வீடே இல்ல." சங்கரியின் தலையைத் தடவினார். "இவ வீட்டுக்கு வரும்முன்னே ஞங்கட ஊருக்காரி ஆயிட்டாளல்லோ!"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் கிழவர் கட்டுப்போட்ட கையோடு கைதட்டப் பார்த்து, "அம்மே" என்று கத்தினார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு துண்டை எடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆறட்டும் டாக்டரம்மா. உங்க சௌகரியம்போல பண்ணுங்க."

நான் அத்தனை வருஷம் கணுக்கால்களைப் பார்த்தும் எனக்கு அதுவரை உறைக்காத விஷயம் இது. எலும்பு எப்படி ஒடிகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும், அது நமக்குத் தெரியும். ஒடிந்த காலுக்கு என்ன அர்த்தம் என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. கழக்கூட்டத்தில் அது இன்ஷூரன்சும் லீவும். ஆரியசாலையில் தோஷம். வித்துராவில் அது மழை. ஆராய்ச்சி செய்யப் போகும் பிள்ளையே, எங்கே விழுந்தார் என்று கேட்கிற வாயால், எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப்போகிறார் என்றும் கேள். பாதி வைத்தியம் அதில் இருக்கிறது.

அதன்பிறகு காத்திருப்பு. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுத்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? தோலில் சின்னச் சின்னச் சுருக்கம் விழவேண்டும். தினமும் காலையில் கட்டைப் பிரித்து நான் காலைப் பார்ப்பேன்; என் தலைக்குப் பின்னால் குறைந்தது பத்துத் தலை. அண்ணாச்சி, ஓமனா, ஸ்ரீஜித், கழக்கூட்டத்து டீம், வார்டு நர்ஸ்கள், கை ஒடிந்த கிழவர். சங்கரியின் அம்மா சாலைக் கடைத்தெருப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் நேர்ந்திருந்தார். "சுருங்கிட்டா?" என்று அண்ணாச்சி கேட்பார். "இல்லை" என்பேன். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். கல்யாணப்பெண்ணின் தோலில் சுருக்கம் விழவேண்டும் என்று ரெண்டு குடும்பமும் ஒரு வார்டும் சேர்ந்து வேண்டிக்கொண்ட கல்யாணம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு காலையில் விழுந்தது. கணுவின் வெளிப்பக்கம், தயிராடை மாதிரி மெல்லிய சுருக்கம். நான் வாய் திறக்குமுன் ஓமனா பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடியிலிருந்து செக்யூரிட்டி ஓடிவந்தார். அடுத்த நாள் ஆபரேஷன். அது நன்றாக நடந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக நடந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது.

அனுப்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன்: வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஒரு நிமிஷமும் கூடாது. கல்யாணத்துக்கும் கூடாது.

கல்யாணத்துக்கு நானும் போனேன். சாப்பாட்டுக்காகப் போனேன் என்று வீட்டில் சொன்னாலும், முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் வார்டு நர்ஸ்கள் சக்கர நாற்காலி முழுக்கப் பிச்சிப்பூ சுற்றியிருந்தார்கள். பட்டுப்புடவைக்குக் கீழே வெள்ளைக் கட்டு, கட்டுக்கு வெளியே மருதாணி வைத்த ஐந்து விரல்கள். தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்டியது. ஓமனா மஞ்சள் அரிசி போட்ட வேகத்தில் பாதி என் கண்ணாடியில் விழுந்தது.

அடுத்தது மெட்டி போடவேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வலது காலைப் பிடித்து அம்மிக் கல்லின் மேல் வைக்கவேண்டும். அதை விட்டுவிடலாம் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அண்ணாச்சியின் அக்கா எழுந்து நின்றார். "அம்மி மிதிக்காம என்ன கல்யாணம்? ஒரு தடவ, பட்டும் படாம மிதிச்சா ஒடிஞ்சா போயிரும்?" என்று ஊர் கேட்கக் கேட்டார். ஐயர் கையில் மெட்டியோடு நின்றார். சங்கரி அப்பாவைப் பார்த்தாள். ஸ்ரீஜித் என்னைப் பார்த்தான். அப்புறம் மண்டபமே என்னைப் பார்த்தது.

ஆபரேஷன் தியேட்டரில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை. ஒரு பெண்ணின் கல்யாண நாள், நிறைந்த சபை, பெரியவர் வாக்கு. ஒரே ஒரு நிமிஷம்தானே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அம்மியில் காலை வைத்து லேசாக அழுத்தினால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் அவள் லேசாக அழுத்தமாட்டாள். அப்பாவின் தலை நிமிர்வதற்காக எழுந்து நின்றே மிதித்துவிடுவாள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அப்புறம் எலும்பில் நான் வைத்த தட்டு வளையும், மறுபடி அறுக்கவேண்டும்.

"கூடாது" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அண்ணாச்சியின் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சங்கரி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு எழப்பார்த்தாள்.

அப்போது அண்ணாச்சி தோள் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். கடையில் ஒரு படி மல்லியைக்கூடத் தன் கையால் தூக்காத மனிதர். குனிந்து அம்மியை ஒரு பக்கம் பிடித்தார். அது நகரவில்லை. சபையில் இருந்த சுமட்டுக்காரர்கள் ரெண்டு மூன்று பேர் எழுந்து வந்தார்கள். "வேண்டாம்டே, நான் தூக்குதேன்" என்று அவர்களைத் தடுத்துவிட்டார். ஓமனா மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு மறுபக்கம் வந்து பிடித்தார். ரெண்டு சம்பந்திகளுமாக மூச்சை அடக்கி அந்தக் கல்லைத் தூக்கினார்கள். விழுந்தால் என் தட்டின் மேல்தான் விழும் என்ற பயத்தில் நான், "மெதுவா! மெதுவா!" என்று கத்திக்கொண்டே மேடைக்கு ஓடினேன்.

கல் மெல்ல மேலே வந்து, சங்கரியின் பாதத்துக்குக் கீழே, விரல் நுனி தொடும் தூரத்தில் நின்றது. அண்ணாச்சியின் நெற்றி நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அத்தனை கூட்டமும் பார்க்க, மகளின் கட்டுப்போட்ட காலை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ மிதிக்கண்டாம் மக்ளே. சும்மா தொடு. கனத்தை நாங்க பிடிச்சிருக்கோம்."

அவள் தொட்டாள். ஸ்ரீஜித் மெட்டியைப் போட்டான். மேளம் தட்டச் சொல்லி யாரோ கத்தினார்கள். மேளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்; நானும்தான்.